தண்ணிக்குப் படிக்கத் தெரியாது

போன வாரம் டிவில ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்து பேசறார். நீச்சல் போட்டிக்குன்னு விக்கிற அந்த விலை ஜாஸ்தி டிரெஸ்ஸுல ஒண்ணுமே இல்லையாம். எல்லாம் உழைப்புதானாம். துணியா நீந்துது, மனுஷந்தானே நீந்தறான்னு கேட்டுட்டு, அவர் ஜோக்குக்கு அவரே சிரிச்சுக்கறார். எனக்கு சுர்ருனு உச்சந்தலைக்கு ஏறிச்சு. "இவருக்கு இன்னா தெரியும்னு இந்தப் பேச்சு பேசறார்?"னு நான் போட்ட சத்தத்துல வீட்டுக்காரர் கைல இருந்த சப்பாத்தி தட்டுலயே விழுந்துடுச்சு.

"நீச்சலப் பத்தி உனக்கு இன்னாடி தெரியும்?"னார் அவர்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். பாலாத்துல அதிசயமா தண்ணி வந்த வருஷம்கூட முட்டிக்கு மேல எறங்கினவ இல்ல நான். ஆனா ஒரு அக்காவ எனக்குத் தெரியும். அந்த அக்கா மட்டும் அன்னிக்கு டிவிக்குள்ள பூந்திருந்தா, அந்த ஆள் கோட்ட கழட்டி தண்ணில முக்கிப் பாத்துட்டுத்தான் மேல பேச விட்டிருக்கும்.

பேர் சொல்ல மாட்டேன். கேக்காம பேர எழுதினா அதுக்குப் புடிக்காது. ஆம்பூர்ல நாங்க வேலை செஞ்ச ஷூ கம்பெனில எல்லாரும் 'டேப் அக்கா'ம்பாங்க. மழையில, பனியில போடற பூட்ஸ் செய்யற கம்பெனி அது. பூட்ஸுல ஊசி எறங்கின எடமெல்லாம் ஓட்டை, ஓட்டைன்னா தண்ணி வரும். அதனால தையல் மேல சூடா ஒரு டேப் ஒட்டணும். அந்த டேப் மிஷின்ல அக்கா பதினஞ்சு வருஷம் நின்னுச்சு. நான் அதே கம்பெனில லேப். பூட்ஸ மிஷின்ல மாட்டி மடக்கு மடக்குன்னு மடக்கி, தண்ணில அமுக்கி, உள்ள ஈரம் வருதான்னு பாக்கறது என் வேலை. பாஸானா உள்பக்கம் சில்வர் பேனாவால ஒரு சின்ன டிக். எந்தக் கலர் லெதர் மேல போட்டாலும் தெரியும், தண்ணில போகாது. பதினோரு வருஷமா அந்தப் பேனா என் ஹேண்ட்பேக்ல சீப்பு மாதிரி கூடவே கிடக்குது.

ஒரு தடவ வெளிநாட்லேருந்து புது டேப் ரோல் வந்துச்சு. அட்டப்பொட்டி மேல கை அகலத்துக்கு 'வாட்டர்புரூஃப்'னு எழுத்து. மதியத்துக்குள்ள சரக்கு போகணும்னு சூப்பர்வைசர் தையா தக்கான்னு குதிக்கிறார். அக்கா ஒரே ஒரு பூட்ஸ்ல அந்த டேப்ப ஒட்டி, குடிக்கிற தண்ணிய அதுல ரொப்பி, சூப்பர்வைசர் மேஜைல இருந்த ரிப்போர்ட் கட்டு மேல வெச்சுட்டு சாப்பிடப் போய்டுச்சு. அவர் பிரியாணி துன்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே வந்து பாத்தா, ரிப்போர்ட் அத்தனையும் ஊறிப்போன அப்பளம்.

"இன்னாக்கா அநியாயம் இது?"

"நான் பண்ணல சார். டேப்பு பண்ணிச்சு."

"பொட்டி மேல வாட்டர்புரூஃப்னு போட்டிருக்கான் இல்ல?"

"எழுதிட்டா ஆச்சா? தண்ணிக்குப் படிக்கத் தெரியாது சார்."

கம்பெனி முழுக்க அன்னிலேருந்து இதுதான் பேச்சு. ஸ்டோர் ரூம் ஆளு லீவ் லெட்டர்ல 'கடும் காய்ச்சல்'னு எழுதினா, மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, "டேப் அக்காகிட்ட காட்டிட்டு வா"ம்பார்.

என்னையும் விடல. ஒரு நாள் டெஸ்ட் ரிப்போர்ட்ட அவசரத்துல எழுதி அக்கா கைல குடுத்தேன். அதுல 'மெட்டீரியல்'னு ஒரு கட்டம் உண்டு. எந்த லெதர், எந்த லைனிங்னு எழுதற எடம். காலியா விட்டுட்டேன். அக்கா பேப்பர என் மூஞ்சி முன்னால நீட்டுச்சு.

"ஏ லேப்பு! மடக்கினது எத்தன தடவன்னு எழுதிட்ட. தாங்கிச்சுன்னு எழுதிட்ட. எது தாங்கிச்சு? மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா, உன் தோலா? எதுன்னு எழுதாத ரிப்போர்ட்ட வெச்சுக்கிட்டு பஜ்ஜி மடிக்கலாம்."

அவமானமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கட்டத்த நான் காலியா விட்டதே இல்ல.

எல்லாத்துலயும் இப்படித்தான். குடியாத்தத்துல என் வீட்டுக்காரருக்கு லுங்கி எடுக்கப் போனோம். 'சாயம் போகாது, கேரண்டி'ன்னு போர்டு. அக்கா பாட்டில் தண்ணில கைக்குட்டைய நனச்சு, கடைக்காரர் கண்ணு முன்னாலயே லுங்கிய தேய் தேய்னு தேய்க்குது. எனக்கு மானம் போகுது. கைக்குட்டை வெள்ளையாவே இருந்துச்சு. உடனே கடை முழுக்கக் கேக்கற மாதிரி, "போகலப்பா! நல்ல லுங்கி. ரெண்டா குடு"ன்னுச்சு. சந்தேகப்படறவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. சந்தேகம் தப்புன்னு தெரிஞ்சா அதையும் அதே சத்தத்துல சொல்றவங்கள நான் ஒருத்தரத்தான் பாத்திருக்கேன். இதனால பேஜாரும் உண்டு. அக்காவோட நாத்தனார் பொண்ணப் பாக்க வந்த மாப்பிள்ள குடிக்கவே மாட்டார்னு தரகர் சொல்ல, இது பலகாரத் தட்ட நீட்டற சாக்குல குனிஞ்சு மாப்பிள்ள வாய மோந்து பாத்துடுச்சு. அந்தச் சம்பந்தம் நின்னது மட்டும் இல்ல, நாத்தனாரும் ரெண்டு வருஷம் பேசல.

அக்காவுக்கு ஒரே பொண்ணு. அப்ப பதிமூணு வயசு. ஆலங்காயம் பக்கம் மாமா வீட்டுக் கெணத்துல குதிச்சுக் குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டது. பள்ளிக்கூட டிரில் வாத்தியார் பாத்துட்டு, இத வீணாக்காதீங்கன்னு வேலூர்ல ஒரு நீச்சல் குளத்துல சேக்கச் சொன்னார். விடிகாலைல அப்பா வண்டில கூட்டிட்டுப் போவார். ஞாயித்துக்கிழமைல அக்கா போகும், பல ஞாயிறு நானும் கூடப் போவேன். அந்தப் பொண்ணு நீந்தறதப் பாத்தா, தண்ணிய அடிக்கிற மாதிரியே தெரியாது. தண்ணி வழி விடற மாதிரி இருக்கும்.

மாவட்டப் போட்டி வந்துச்சு. ஒவ்வொரு பந்தயத்துலயும் மொத ரெண்டு பேர்தான் ஸ்டேட்டுக்குப் போகலாம். ஸ்டேட் போனா விளையாட்டு ஹாஸ்டல்ல எடம் கிடைக்கும், படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. அக்கா வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்ல. அப்பதான் கோச் எல்லா அம்மா அப்பாவையும் நிறுத்தி வெச்சு சொன்னார்: "ரேஸ் சூட் இல்லாம ஸ்டேட்டு பக்கம் நெனச்சே பாக்காதீங்க." தோள்லேருந்து முட்டி வரைக்கும் இறுக்கிப் புடிக்கிற டிரெஸ். அக்காவோட ஒரு மாசச் சம்பளத்த அப்படியே வெச்சாலும் பத்தாது. பத்து ரேஸ் போட்டா அதோட பவர் போய்டும், அப்புறம் புதுசு. இத சொல்லும்போது அவர் மூஞ்சில ஒரு கூச்சம் வரணுமே, ம்ஹூம்!

அக்கா திரும்பற வழில பஸ்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு. "டெஸ்ட் பண்ணிடலாம்."

காலேஜுக்குப் போய் நீச்சல விட்டுட்ட ஒரு பெரிய பொண்ணு, நல்ல பொண்ணு, தன்னோட சூட்ட குடுத்துச்சு. ஒரு வாட்டிதான் போட்டுருக்கேன், வெச்சுக்கங்க ஆன்ட்டின்னுச்சு. அக்கா மொதல்ல அத எடுத்துக்கிட்டு வந்தது என் லேப்புக்கு. துணி மேல ஒரு சொட்டு தண்ணி விட்டோம். சொட்டு உள்ள எறங்கல. உருண்டையா நின்னு, சாச்சதும் ஓடிப்போச்சு.

"ஏ லேப்பு, தண்ணி ஒட்டாம நம்ம லெதருக்கு அடிக்கிற ஃபினிஷ் மாதிரி இல்ல?"

"அதே ஜாதிதான் அக்கா."

"நம்ம அடிச்சா கெமிக்கல் நாத்தம். அவங்க அடிச்சா டெக்னாலஜி"ன்னு சொல்லி மூக்கச் சுருக்குச்சு.

மாட்டறதே ஒரு கூத்து. வேலூர்ல மத்த அம்மாங்க அரை மணி நேரம் இழுத்து, வேர்த்து, புள்ளைங்க அழுது, ஒரே ரகளை. எங்க ஆளுங்களுக்கு அது பழகின வேலை. ஷூ கம்பெனில கால் மாதிரி பிளாஸ்டிக் அச்சு இருக்கும், லெதர அது மேல சுருக்கம் இல்லாம இழுத்து ஏத்தணும். அக்கா பொண்ணு கால்ல பாலித்தீன் கவர் மாட்டி, கீழேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, பத்தே நிமிஷத்துல முடிச்சிடுச்சு. கடைசில ரெண்டு பணக்கார அம்மாங்க தங்க வளையல கழட்டி வெச்சுட்டு, "எங்க பொண்ணுக்கும் மாட்டி விடுறீங்களா?"ன்னு வந்து நின்னாங்க. மாட்டியும் விட்டுச்சு.

மூணு ஞாயிறு டெஸ்ட். நூறு மீட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவ. பழைய டிரெஸ்ல ரெண்டு, ரேஸ் சூட்ல ரெண்டு. மொத வாரம் பழசு மொதல்ல, அடுத்த வாரம் சூட் மொதல்ல, மூணாவது வாரம் மாத்தி மாத்தி, ஏன்னா கடைசில பொண்ணு களைச்சுப் போயிருக்கும், பழிய துணி மேல போடக் கூடாது. இத யாரும் அக்காவுக்குச் சொல்லித் தரல. ஸ்டாப் வாட்ச் என் கைல. நோட்டுல எழுதறது அக்கா. மெட்டீரியல்னு மொதல்ல ஒரு கட்டம் போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்.

மூணாவது ஞாயிறு கணக்கு போட்டுப் பாத்தோம். உள்ளுக்குள்ள நான் சாமிய வேண்டிக்கிட்டேன், வித்தியாசம் வரவே கூடாதுன்னு. வந்துச்சு. சராசரி முக்கால் செகண்டு, சூட் பக்கம்.

அக்கா நோட்ட பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்த லுங்கிக் கடைல சொன்ன மாதிரியே சத்தமா, "பொய் இல்ல. வேலை செய்யுது"ன்னுச்சு.

எனக்கு மனசு கேக்கல. "புதுசு போட்டா ஒரு குஷி வரும்லக்கா. அந்தக் குஷில வேகமா போயிருப்பா."

"இருக்கலாம். அந்தக் குஷி மட்டும் சும்மாவா கிடைக்குது? அதுவும் வாங்கினவங்களுக்குத்தானே?"

அடுத்த வாரமே போட்டி நடத்தற செக்ரட்டரி முன்னால போய் நின்னுச்சு. நானும் பின்னாலயே போனேன். ஒண்ணு எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுங்க, இல்ல ஒருத்தரும் போடக் கூடாதுன்னு சொல்லுங்க, சின்னப் புள்ளைங்க போட்டிதானேன்னு கேட்டுச்சு. அவர் தலைய சொறிஞ்சார்.

"ரூல்ல தடை இல்லம்மா. முடிஞ்சவங்க போடறாங்க."

"இன்னா முடிஞ்சவங்க சார்? நீந்த முடிஞ்சவங்களா, வாங்க முடிஞ்சவங்களா?"

"அட, அந்தத் துணில ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் உழைப்புதான்." இதோ, போன வாரம் டிவில கேட்ட அதே வசனம், அன்னிக்கே கேட்டாச்சு.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஏன் சார் மூச்சு முட்ட அரை மணி நேரம் மாட்டறாங்க? கழட்டிட்டு வரச் சொல்லுங்க பாப்போம்."

அவர் போன் அடிச்சுது. அடிக்கலன்னாலும் எடுத்திருப்பார்.

வெளிய வந்ததும் நான் கேட்டேன், அப்ப நம்ம பொண்ணுக்கு அந்தச் சூட்ட போட மாட்டியாக்கான்னு. "போடுவேன். அவங்க ரூல மாத்தற வரைக்கும் என் பொண்ணு மட்டும் ஏன் பின்னால நிக்கணும்?"னுச்சு. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுது.

போட்டிக்கு மூணு நாள் முன்னால, குளத்துல டிரெஸ் மாத்தற ரூம்ல, தொடைப் பக்கம் அந்தச் சூட் பிரிஞ்சிடுச்சு. கூட இருந்த புள்ளைங்க எல்லாம் பாத்தாங்க. பொண்ணு ஓ...ன்னு அழுதுச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து காட்டினப்ப அக்கா அழல. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துச்சு. அதுல நூலே கிடையாது. துணியோட துணிய ஹீட்டுல ஒட்டி, மேல ஒரு டேப் போட்டிருக்கான். அக்கா பதினஞ்சு வருஷமா செய்யற அதே வேலை! வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல மிஷின் ஹீட்ட கொறச்சு, ஒரு பழைய நைலான் துண்டுல ஒட்டிப் பாத்து, அப்புறம் சூட்ட ஒட்டுச்சு. லேப்புக்குக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் இழுத்தேன், தண்ணி ஊத்தினேன், மறுபடி இழுத்தேன். பழைய டேப்புக்கும் அக்கா ஒட்டின டேப்புக்கும் எனக்கே வித்தியாசம் தெரியல. அப்படியே பூரிச்சுப் போய், பழக்க தோஷம், ஹேண்ட்பேக்லேருந்து சில்வர் பேனாவ எடுத்து, கால் ஓரத்த மடிச்சு, உள்பக்கம் ஒரு டிக் போட்டுட்டேன்.

அந்த டிக்க நெனச்சா இன்னிக்கும் என் கைய நானே அடிச்சுக்கலாம் போல இருக்குது.

ரெண்டு பேரும் வருஷக்கணக்கா வெளிநாட்டுக்காரனோட ரூல் புக்க வரி வரியா படிச்சுக் குப்பை கொட்டினவங்க. ஒட்டினது தண்ணில நிக்குமான்னு பாத்தோம். ஒட்டலாமான்னு ஒரு வார்த்தை யாரையும் கேக்கல. கேக்கணும்னே தோணல. எங்க லைன்ல குறை இருந்தா சரி பண்ணி, டெஸ்ட்ல நின்னா அது பாஸ். அவ்ளோதான் எங்களுக்குத் தெரிஞ்ச உலகம்.

ஞாயித்துக்கிழமை காலைல அம்பது மீட்டர். பொண்ணு ரெண்டாவதா வந்துச்சு. நான் கத்தின கத்துல பக்கத்துல இருந்தவர் எழுந்து வேற எடத்துக்குப் போய்ட்டார். ஸ்டேட்டு! அக்கா சிரிச்சத அன்னிக்குத்தான் முழுசா பாத்தேன், கடவாப்பல்லு வரைக்கும்.

அது அஞ்சு நிமிஷம்கூட நிக்கல. மூணாவதா வந்த பொண்ணோட அப்பா ஒரு பேப்பர்ல புகார் எழுதி நீட்டிட்டார். அந்த டிரெஸ் பிரிஞ்சத தன் பொண்ணு கண்ணால பாத்துச்சு, இப்ப எப்படி முழுசா இருக்குது, செக் பண்ணுங்கன்னு. அவர் பொண்ணு போட்டிருந்தது அந்த வாரம் கவர் பிரிச்ச புது சூட். அன்னிக்குக் காலைல அத மாட்டி விட்டதும் எங்க அக்காதான்.

வெள்ளைத் தொப்பி போட்ட ரெஃப்ரி ஒருத்தர் சூட்ட மேஜை மேல போட்டு தடவித் தடவிப் பாத்தார். பொண்ணு டவல சுத்திக்கிட்டு பல்லு கிட்டிக்க நிக்குது. ரெண்டு தொடைப் பக்கமும் ஒரே மாதிரி டேப்பு. அவருக்குப் புடிபடல. மடிச்சு வெக்கப் போனார். அப்பதான் கால் ஓரம் பெரண்டுச்சு. வெயில்ல பளிச்சுனு என் டிக்.

"இது இன்னா?"

அந்த மனுஷன் கெட்டவர் இல்ல. அவரே எடுத்துக் குடுத்தார்: "கம்பெனி மார்க்காம்மா?"

ஆமான்னு சொல்லுக்கா, ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுக்கான்னு என் மனசு கிடந்து அடிச்சுக்குது. யாருக்கும் தெரியாது. தண்ணிக்குக்கூட தெரியல!

"கம்பெனி மார்க்குதான் சார்"னுச்சு அக்கா. "ஆனா இத செஞ்ச கம்பெனி இல்ல, எங்க கம்பெனி. பிரிஞ்சுது, நான் ஒட்டினேன். இந்தப் பொண்ணு டெஸ்ட் பண்ணி டிக் போட்டுச்சு."

செஞ்ச டிரெஸ்ல கை வெக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, ரூல். அம்பது மீட்டர் கேன்சல். மத்தியானம் நூறு மீட்டர் இருக்கு, வேற டிரெஸ்ல நீந்தட்டும்னுட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. பிரிஞ்சா புதுசு வாங்கறவனுக்கு இந்த ரூல் இருக்கறதே தெரியப் போறதில்ல. பிரிஞ்சத ஒட்டிப் போடறவளுக்குத்தானே அது குறுக்க வரும்? விலை ஜாஸ்தி துணி போட்டா தப்பு இல்லையாம், அதையே ஒட்டிப் போட்டா தப்பாம்! அக்கா மேலயும் கோவம். என் மேலதான் ஜாஸ்தி. ஓரமா கூட்டிட்டுப் போய், "ஏன்க்கா சொன்ன?"ன்னு நான் கேக்கறதுக்கு முன்னால பொண்ணே கேட்டுடுச்சு. "ஏம்மா சொன்ன? அவங்களுக்கே தெரியலல்ல?"

"ஒட்டினது நான்தானேடி"ன்னுச்சு அக்கா. டவலால பொண்ணு தலைய துவட்டிக்கிட்டே இருந்துச்சு, தலை காஞ்சு ரொம்ப நேரம் ஆனப்பறமும். என்னையும் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

மத்தியானம் நூறு மீட்டருக்குப் பொண்ணு பழைய டிரெஸ்ல எறங்குச்சு. முட்டிகிட்ட நைஞ்சு, பின்பக்கம் வெளுத்து, தண்ணிய குடிச்சுத் தொங்கற டிரெஸ். ரெண்டு பக்கமும் கறுப்பா மின்னுது ரேஸ் சூட்டுங்க. விசில் அடிச்சாங்க. அந்தப் புள்ள நீந்தின நீச்சல் இருக்கே! அழுத அழுகையெல்லாம் கையில எறங்கின மாதிரி இருந்துச்சு. பாதி தூரம் வரைக்கும் முன்னால. கடைசித் திருப்பத்துல சமம். கடைசில மூணு பேரும் ஒண்ணா செவுத்த தொட்ட மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

மூணாவது. ரெண்டாவதா வந்தது அந்தப் புகார் குடுத்தவர் பொண்ணு. வித்தியாசம் அரை செகண்டு.

அக்கா பையிலேருந்து டெஸ்ட் நோட்ட எடுத்துச்சு. பிரிக்கவே வேண்டியதில்ல, ரெண்டு பேருக்குமே மனப்பாடம். முக்கால். அரை செகண்டுல போச்சு ஸ்டேட்டு, போச்சு ஹாஸ்டலு. முக்கால் செகண்டு துணில இருந்துச்சு.

சர்ட்டிபிகேட் குடுக்கற மேஜைல செக்ரட்டரி உக்காந்திருந்தார். அக்கா பொண்ண கூட்டிக்கிட்டு நேரா போச்சு. எடம் குடுங்கன்னு கேக்கப் போகுதுன்னு அவர் நெனச்சுக்கிட்டு, "ரூல் ரூல்தான்மா"ன்னு ஆரம்பிச்சார்.

"எடம் கேக்க வரல சார். இந்தச் சர்ட்டிபிகேட்ல பேர் இருக்கு, தூரம் இருக்கு, டைம் இருக்கு. மெட்டீரியல் எங்க?"

"இன்னா?"

"எதப் போட்டுக்கிட்டு நீந்தினாங்கன்னு எங்க எழுதிருக்கு? எங்க கம்பெனில அது இல்லாம ரிப்போர்ட் செல்லாது. மூணு புள்ளைங்க நீந்திச்சு. ரெண்டு ஒரு துணி, ஒண்ணு ஒரு துணி. டைம மட்டும் எழுதி ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டா எப்படி சார்? இந்தாங்க நோட்டு, மூணு வாரம் டெஸ்ட் பண்ணிருக்கேன். அந்தத் துணில ஒண்ணுமே இல்லன்னு எனக்குச் சொன்னீங்களே, இப்ப சொல்லுங்க."

பின்னால வரிசைல நின்னவங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க. அந்தப் புகார் குடுத்த அப்பா செல்ல பாக்கறார். செக்ரட்டரி நோட்ட வாங்கக்கூட இல்ல.

"அதெல்லாம் எழுத முடியாதும்மா. அதுல கட்டமே கிடையாது."

அக்கா மேஜைல கிடந்த பேனாவ எடுத்துச்சு. பொண்ணோட சர்ட்டிபிகேட்ட திருப்பி வெச்சுக்கிட்டு, டைமுக்குப் பக்கத்துல, அதோட கோணக்கா மாணக்கா எழுத்துல, நிதானமா எழுதுச்சு. 'மெட்டீரியல்: பழைய டிரெஸ். ரெண்டு வருஷம் போட்டது. முட்டியில நைஞ்சது.'

"இன்னாம்மா பண்றீங்க? கிறுக்கினா அது செல்லாது!"

"உங்க பேப்பர் செல்லலன்னா போகட்டும். என் பொண்ணு நீந்தினது செல்லும் சார்."

சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. காலைலேருந்து அப்பதான் என் மூஞ்சிய நேரா பாத்துச்சு.

"ஏ லேப்பு. பேனா எடு."

"எந்தப் பேனாக்கா?"

"உன் பேனாதான்டி. டிக் போடு."

கண்ணுல தண்ணி வந்து எடமே தெரியல. மெட்டீரியலுக்குப் பக்கத்துல, பூட்ஸ் உள்பக்கம் போடற அதே சின்ன டிக்க போட்டேன். வெள்ளப் பேப்பர்ல சில்வர் சரியா தெரியல. பொண்ணு அத கைல வாங்கி, வெயிலுக்கு நேரா அப்படியும் இப்படியும் சாச்சுப் பாத்துச்சு.

"தெரியுதாடி?"ன்னுச்சு அக்கா.

"தெரியுதும்மா."